டெத் ஸ்டாரைக் கட்டியவர்கள்

எக்சிகியூட்டர் என்னும் போர்க்கலத்தின் நீளம் எட்டுக் கிலோமீட்டரா, பத்தொன்பது கிலோமீட்டரா என்னும் வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. 1980-இல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' திரைப்படத்தில் டார்த் வேடரின் தலைமைக் கப்பலாக வந்த அக்கலத்துக்குத் தொடக்ககாலக் கையேடுகள் 8 கி.மீ. என்று அளவு குறித்தன. திரையில் அதன் பக்கத்தில் மிதக்கும் ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர் என்பது முன்பே நிலைபெற்றுவிட்டதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குக் கணக்கு இடித்தது. பிறகு 12.8 என்றார்கள். கர்ட்டிஸ் சாக்ஸ்டன் என்னும் வானியற்பியலாளர் படச் சட்டகங்களை அளந்து பார்த்து, சாதாரண ஸ்டார் டெஸ்ட்ராயரைப் போல் அது பதினொரு மடங்கு, அதாவது 17.6 கி.மீ. அளவில் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். இறுதியில் கதைக்கு உரியவர்களே 19 கி.மீ. என்று ஒப்புக்கொண்டு வழக்கை முடித்து வைத்தார்கள்.

நாம் மொழிப்பாடம் நடத்தும் இயற்பியல் வகுப்பில் இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மாணவர்கள் இருக்கிறார்கள். சங்க நூல்களின் அடிவரையறையை ஒப்பிக்கத் தடுமாறுபவர்கள், முதல் டெத் ஸ்டாரின் விட்டம் பழைய நூல்களில் 120 கி.மீ., பின்னாளில் 160 கி.மீ. என்று பாடபேதத்தோடு ஒப்பிக்கிறார்கள். இதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. உரையாசிரியர்களின் மரபில் வந்த நமக்கு இத்தகைய ஈடுபாட்டை இகழும் தகுதியும் இல்லை. மூலத்தில் ஒரு சொல் தொக்கி நின்றால் அதற்கு நூறு பக்கம் எழுதியவர்கள் நம் முன்னோர். நமது கேள்வி வேறு. நீளம், விட்டம், பீரங்கிகளின் எண்ணிக்கை, கலத்துக்கு முப்பத்தேழாயிரம் பேர் என்னும் மாலுமிக் கணக்கு என இத்தனையையும் தேடித் தொகுத்த இந்த அறிவுத் தொகுதி, அக்கலங்களைக் கட்டியவர் யார் என்னும் ஒரு வினாவை மட்டும் ஏன் இத்தனை காலம் ஓரமாக வைத்திருந்தது?

வைத்திருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆயுதங்களை அடுக்கிச் சொல்வதில் உள்ள இன்பம் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் மேல் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் அடுக்கிச் செல்லும் வேகத்தைப் படித்தவர்கள், கையேடுகளில் பீரங்கிப் பட்டியல் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஆனால் அங்கேயும் அப்பொறிகளைச் செய்த கைகள் இல்லை. சீவகசிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதைச் செய்த தச்சனை நினைப்பவர் யார்? ஆக, இது விண்வெளிக் கதைக்கு மட்டும் உரிய குறையன்று. எனினும் அங்கே அக்குறை மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஏனெனில் அங்கே கட்டப்பட்டவை அவ்வளவு பெரியவை. ஒரு மதிற்பொறியைப் பத்துப் பேர் செய்துவிடலாம். நிலவின் அளவுள்ள போர்நிலையத்தை எத்தனை பேர் கட்ட வேண்டும்? அவர்களை எங்கே தங்கவைப்பது, வெளியே பேசாமல் எப்படித் தடுப்பது? இவ்வினாக்கள் எழும் இடத்தில்தான் 'ஸ்டார் வார்ஸ்' கதையுலகின் இரகசிய நிலையங்கள் பிறக்கின்றன. போர்க்கலங்களைவிட இந்த நிலையங்களே கதையின் உயிர் என்பது நமது துணிபு.

1977-இல் வந்த முதற்படத்தில் இதற்கு இடமே இல்லை. டெத் ஸ்டார் வருகிறது, ஆல்டரான் என்னும் கோளை ஒரே வீச்சில் அழிக்கிறது, பிறகு தானும் அழிகிறது. நெட்டிமையார் பாடிய முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுமுன் ஆவினமும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேருமாறு அறிவிக்கச் செய்தான் என்று படித்த நமக்கு, ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு கோளையே அழிக்கும் அந்தக் காட்சி இன்றும் அதிர்ச்சிதான். ஆனால் அதிர்ச்சியை ஆயுதத்தின் மேல் ஏற்றிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. இங்கே ஒரு சிறு செய்தி. அப்படங்களின் கலங்களைச் சிற்றுருவாகச் செய்தவர்கள், கடையில் விற்கும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் நுண்ணிய பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டித்தான் கலத்தின் மேற்பரப்பை உருவாக்கினார்கள். முதற்படத்தின் தொடக்கத்தில் தலைக்குமேல் முடிவின்றி நகரும் ஸ்டார் டெஸ்ட்ராயரின் சிற்றுரு ஏறத்தாழ மூன்றடி நீளம். உண்மைப் போர்க்கருவிகளின் பொம்மைத் துணுக்குகளே கற்பனைக் கலத்தின் தோலாயின என்பது நினைக்க நினைக்கச் சுவை தருகிறது.

கலங்களுக்கு அளவும் பெயரும் கொடுத்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது 1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கையேடு. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்றுக்காக எழுதப்பட்டது அது. திமோதி ஸான் என்னும் நாவலாசிரியர் 1991-இல் 'ஏர் டு தி எம்பயர்' நாவலை எழுதியபோது அவருக்கு இந்நிறுவனத்தின் நூல்களே ஆதாரமாகத் தரப்பட்டன. மூலம் திரைப்படம், உரை கையேடு, உரைக்கு எழுந்த விரிவுரை நாவல் என்று இவ்வளர்ச்சியை நாம் புரிந்துகொள்ளலாம். ஸான் எழுதிய மூன்று நாவல்களில் இரண்டு மறைபொருள்கள் உள்ளன. ஒன்று, வேலண்ட் என்னும் கோளில் டான்டிஸ் மலைக்குள் பேரரசர் அமைத்த இரகசியக் களஞ்சியம். குளோன் மனிதர்களை வளர்க்கும் உருளைகள் அங்கே இருக்கின்றன. மற்றொன்று கட்டானா கப்பற்படை. இருநூறு டிரெட்நாட் கலங்கள்; கலத்துக்குப் பதினாறாயிரம் பேர் வேண்டிய இடத்தில் இரண்டாயிரம் பேரே போதும் என்னும்படி அத்தனையும் ஒரே கட்டுப்பாட்டில் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு நோய் பரவி மாலுமிகள் சித்தம் கலங்கிய வேளையில் இருநூறும் ஒருசேர ஒளிவேகத்தைக் கடந்து பாய்ந்து, எங்கே போயின என்று தெரியாமல் மறைந்தன. ஆளைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடே அத்தனை கலங்களையும் ஒருங்கே தொலைத்தது. சிக்கனத்தின் விளைவை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன போர்க்கதை வேறு ஒன்று நமக்கு நினைவில்லை. ஆயினும் ஸானின் கவனம் தளபதிகளின் மதிநுட்பத்தில்தான் இருந்தது. தொழிலாளியை நோக்கி அது திரும்பவில்லை.

திருப்பியவர் கெவின் ஜே. ஆண்டர்சன். 1994-இல் அவர் எழுதிய 'ஜெடை அகாடமி' நாவல்கள் மூன்றும் நடையால் உயர்ந்தவை அல்ல. உரையாடல்கள் பல இடங்களில் மரக்கட்டை போலக் கிடக்கின்றன. ஆனாலும் மா நிலையம் என்னும் ஒரு கற்பனைக்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கெசல் என்னும் கோளுக்கு அருகே கருந்துளைகள் கூட்டமாக அமைந்த 'மா' என்னும் வெளி இருக்கிறது. வழியறியாமல் உள்ளே நுழையும் கலம் நசுங்கிப்போகும். அதன் நடுவே, நிலையான ஒரு சிறு இடத்தில், டார்கின் என்னும் ஆளுநன் ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்கிறான். டெத் ஸ்டாரின் முன்மாதிரி அங்கேதான் உருவாகிறது. காவலுக்கு நான்கு ஸ்டார் டெஸ்ட்ராயர்கள்; அவற்றுக்குத் தலைவி டாலா என்னும் பெண் தளபதி. இரகசியம் அவ்வளவு இறுக்கமானது என்பதால் வெளியுலகச் செய்தி எதுவும் உள்ளே வருவதில்லை. டார்கின் இறந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன, பேரரசரும் மடிந்தார், பேரரசு சிதைந்தது. அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆணை மாறாததால் ஆயுதம் செய்துகொண்டே இருக்கிறார்கள். வழிதவறி வந்து பிடிபட்ட ஹான் சோலோ சொல்லித்தான் அவர்கள் காக்கும் அரசு இப்போது இல்லை என்பதை டாலா அறிகிறாள்.

அந்நிலையத்தில் க்வி சூக்ஸ் என்றொரு பெண் விஞ்ஞானி. நீல நிறத்தவள், மென்மையானவள், அசாத்திய அறிவுடையவள். சிறுவயதில் அவளையும் அவள் இனத்துக் குழந்தைகள் சிலரையும் டார்கின் கைப்பற்றி, கடுமையான கல்வி புகட்டித் தேர்வு வைத்தான். தோற்ற பிள்ளையின் ஊர் அப்பிள்ளையின் கண்ணெதிரே எரிக்கப்பட்டது. அத்தேர்வுகளில் தேறியவள் க்வி. டெத் ஸ்டாரின் வடிவமைப்பில் அவளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பயன் என்னவென்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள் தெரியுமா? உயிரற்ற கோள்களைப் பிளந்து கனிமம் எடுக்கலாம் என்று. ஆல்டரானில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதைக் கைதியாக வந்த ஹான் சொல்லிக் கேட்டபோதுதான் அவள் தன் ஆய்வுக்கூடத்தின் கோப்புகளைத் திறந்து பார்க்கிறாள். அதுவரை ஏன் திறந்து பார்க்கவில்லை என்பதே நாவல் நம்முன் வைக்கும் உண்மையான வினா. கேள்வி கேட்டால் ஊர் எரியும் என்று பழக்கப்பட்ட மனம், கேள்வி கேட்காமலிருப்பதையே ஒழுக்கமாக்கிக்கொள்கிறது. விண்மீனையே வெடிக்கச் செய்யும் 'சன் கிரஷர்' என்னும் சிறு கலத்தையும் அவளே வடிவமைத்தாள். பின்னர் அது ஓர் இளைஞன் கைக்குப் போய், காரிடா என்னும் உலகத்தை அழிக்கிறது. அவ்விளைஞன் பேரரசின் ஆள் அல்லன். நல்லவர் பக்கத்தைச் சேர்ந்தவன்.

கற்பனைக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஏற்ற வேண்டியதில்லை, பாரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்றொரு நகரம் எழுந்தது. வரைபடத்தில் அதற்கு இடமில்லை. 1945-இல் அங்கே ஏறத்தாழ 75,000 பேர் வாழ்ந்தார்கள். யுரேனியத்தைப் பிரிக்கும் பெரும் கருவிகளின் முன் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் அமர்ந்து, முள் குறித்த இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானிகளைவிட அவர்களே அக்கருவிகளைத் திறம்பட இயக்கினார்கள் என்பது வரலாறு. ஏன் எதற்கு என்று ஆராயாமல் முள்ளை மட்டும் பார்த்ததுதான் காரணம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. தாம் செய்தது என்ன என்பதை அவர்களில் பெரும்பாலோர் அறிந்தது 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாச் செய்தி வந்த பிறகு. க்வி சூக்ஸைப் படிக்கும்போது அந்த முள்ளும் அந்தப் பெண்களும் நினைவுக்கு வருவதை நம்மால் தடுக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அறியாமல் செய்தவர்கள் போக, அடிமைகளாகச் செய்தவர்கள். ஜெர்மனியின் நோர்ட்ஹௌசன் நகருக்கு அருகே மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் நாஜி அரசு வி-2 ராக்கெட்டுகளைச் செய்தது. மிட்டெல்பாவ்-டோரா என்னும் அந்த முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 கைதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள். அந்த ராக்கெட்டு விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யும்போது இறந்தவர்களே அதிகம். ராக்கெட்டின் நீளம் 14 மீட்டர் என்பது எல்லாக் கலைக்களஞ்சியங்களிலும் இருக்கிறது.

2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. டெத் ஸ்டார் ஒன்றைக் கட்டத் தொடங்க வேண்டும் என்று வெள்ளை மாளிகைக்கு 34,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தார்கள். 2013 ஜனவரியில் அரசு நகைச்சுவையோடு மறுமொழி தந்தது: கோள்களை வெடிக்கச் செய்வது அரசின் கொள்கையன்று, ஒற்றை ஆள் ஓட்டும் கலத்தால் அழிக்கத்தக்க குறையுடைய ஒன்றுக்கு வரிப்பணத்தைச் செலவிட இயலாது, மேலும் செலவு 850-க்குப் பின் பதினைந்து சுழியம் போட்ட டாலர். நம் எண்ணலில் 8,500 கோடி கோடி. இத்தொகை லீஹை பல்கலைக்கழக மாணவர்கள் போட்ட கணக்கிலிருந்து வந்தது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் எஃகு அடர்த்தியை அடிப்படையாகக் கொண்டு, டெத் ஸ்டாருக்கு எவ்வளவு எஃகு வேண்டும், அதன் விலை என்ன என்று பார்த்திருந்தார்கள். எஃகின் விலை மட்டுந்தான் அது. கூலி அதில் இல்லை. மாணவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. விளையாட்டுக் கணக்குதான். ஆனால் விளையாட்டிலும் மனம் முதலில் எஃகையே எண்ணுகிறது.

கூலியைப் பற்றி முதலில் வாய்விட்டுப் பேசியவர்கள், வியப்பு என்னவென்றால், கடைகளில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள். கெவின் ஸ்மித் 1994-இல் எடுத்த 'கிளர்க்ஸ்' என்னும் சிக்கனமான கறுப்பு வெள்ளைப் படத்தில் இக்காட்சி வருகிறது. முதல் டெத் ஸ்டாரில் இருந்தவர்கள் படைவீரர்கள், சரி. இரண்டாவது பாதி கட்டி முடிக்கப்படாத நிலையில் தகர்க்கப்பட்டதே, அப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரர்களும் குழாய் பொருத்துபவர்களும் கூரை போடுபவர்களும் என்ன ஆனார்கள் என்று ஒருவன் கேட்கிறான். கடைக்கு வந்த கூரைத் தொழிலாளி ஒருவர் குறுக்கிட்டு, யாருடைய வீட்டுக்குக் கூரை போடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வேலை ஏற்க வேண்டும் என்று தம் அனுபவத்தைச் சொல்கிறார். ஆய்வேடுகளில் அகப்படாத தெளிவு. இருந்தாலும் அவர் சொன்ன தீர்வு, வேலையை மறுக்கும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். க்வி சூக்ஸுக்குப் பொருந்தாது.

2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபில்ம் நிறுவனம், அதுவரை வந்த நாவல்களும் கையேடுகளும் இனி அதிகாரபூர்வமான கதையில் சேரா, அவை 'லெஜண்ட்ஸ்' என்னும் பெயரால் வழங்கும் என்று அறிவித்தது. மா நிலையமும் கட்டானா கப்பற்படையும் ஒரே நாளில் செவிவழிக் கதைகளாயின. வாசகர் பலருக்கு இது பெருந்துயராக இருந்தது. வருந்தியவர்களோடு நாமும் இருந்தோமெனினும், அடுத்த பத்தாண்டுகளில் நடந்ததைப் பார்க்கும்போது அந்தத் துயரம் தேவையற்றது என்றே படுகிறது. விலக்கப்பட்ட கதைகளின் சாரம் வேறு பெயர்களில் திரும்பி வந்தது. டான்டிஸ் மலை, 'தி பேட் பாட்ச்' என்னும் உயிர்ச்சித்திரத் தொடரில், தன் பெயரோடேயே திரும்பியது. அதைவிட முக்கியம், கட்டியவர் யார் என்னும் வினா இப்போதுதான் கதையின் நடுவே வந்து அமர்ந்தது.

2016-இல் வந்த 'ரோக் ஒன்' படத்தில் க்வி சூக்ஸின் இடத்தில் கேலன் எர்சோ. இவர் அறியாதவர் அல்லர்; எல்லாம் அறிந்தவர். மனைவியைக் கொன்று, அவரை இழுத்துப்போய், மழை ஓயாத ஈடு என்னும் கோளின் ஆய்வு நிலையத்தில் வைக்கிறார்கள். தாம் மறுத்தால் வேலை நிற்காது, வேறொருவர் முடித்துவிடுவார் என்பதை உணர்ந்து, உள்ளேயே இருந்து ஆயுதத்தின் வயிற்றில் ஒரு பலவீனத்தை மறைத்து வைக்கிறார். முதற்படத்தில் அசட்டுக் குறையாகத் தெரிந்த அந்த வெப்பப்போக்கி வழி, நாற்பதாண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதரின் எதிர்ப்பாக மாறியது. கொண்டுகூட்டிப் பொருள் காண்பதில் நச்சினார்க்கினியரும் மெச்சக்கூடிய உரை இது. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது கேலன் அல்லர். தகவல் கசிந்தது யாரால் என்று கண்டறிய, அவருடன் வேலை செய்த பொறியாளர்கள் மழையில் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். நானே செய்தேன் என்று கேலன் முன்வந்து ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் சுடப்படுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் படத்தில் பெயர் சொல்லப்படவில்லை.

அதே படத்தில், ஸ்காரிஃப் கோளின் ஆவணக் கோபுரத்தில் நாயகி கோப்புகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே போகிறாள். நொடிக்கணக்கில் கடந்துவிடும் காட்சி. அப்பட்டியலில் இருந்த வார் மேன்டில் என்னும் ஒரு பெயர் 2021-இல் ஒரு முழு அத்தியாயமாக வளர்ந்தது. இரகசிய நிலையங்களின் கதையெல்லாம் இறுதியில் ஆவணக்காப்பகத்தின் கதையே என்பதற்கு இது சான்று. 2002-இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்திலும் அப்படித்தான். இலட்சக்கணக்கான குளோன் வீரர்களை வளர்த்த காமினோ என்னும் கோள் மறைந்திருந்தது கருந்துளைக்குள் அல்ல. ஜெடை நூலகத்தின் பதிவேட்டிலிருந்து யாரோ அதை அழித்திருந்தார்கள், அவ்வளவே. பதிவில் இல்லாதது உலகிலும் இல்லை என்பது நூலகத் தலைவியின் உறுதியான நிலைப்பாடு. யாரேனும் அழித்திருக்கலாமே என்று சொல்வதற்கு ஒரு சிறுவன் வேண்டியிருந்தது. கல்லூரி நூலகங்களோடு பழகிய நமக்கு அந்த அம்மையாரை நன்றாகத் தெரியும்.

முதல் டெத் ஸ்டாரின் தொடக்க வேலை ஜியோனோசிஸ் என்னும் கோளில், பூச்சி வடிவினரான அவ்வூர் மக்களைக் கொண்டு நடந்தது. வேலை முடிந்ததும் இரகசியம் காக்க அந்த இனம் முழுவதையும் பேரரசு நஞ்சிட்டு அழித்துவிடுகிறது. 'ரெபெல்ஸ்' தொடரில் 2017 ஜனவரியில் வந்த ஒரு கதையில், எஞ்சிய ஒரே ஒருவன் புரட்சிக்காரர்கள் கையில் கிடைக்கிறான். மொழி தெரியாது. நடந்தது என்ன என்று கேட்கிறார்கள். அவன் மண்ணில் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் சிறியதாக இன்னொரு வட்டம் வரைகிறான். அவன் கையில் ஒரு முட்டை இருக்கிறது. ஆகவே முட்டையைத்தான் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப அதையே வரைகிறான். பார்வையாளர்களாகிய நமக்குத் தெரியும், அது டெத் ஸ்டாரும் அதன் பீரங்கிக் குழியும். கட்டியவன் வாயால் அக்கதையுலகில் வந்த ஒரே வாக்குமூலம் அதுதான். அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. குழந்தைகளுக்கான தொடர் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் இப்படியொரு காட்சி இருப்பது பலருக்குத் தெரியாது.

2022-இல் வந்த 'ஆண்டோர்' தொடரில் நார்கினா 5 என்னும் சிறை. கைதிகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மீறினால் தரையில் மின்சாரம் பாயும். மேசைக்கு ஏழு பேர், நாள்தோறும் பன்னிரண்டு மணி நேர வேலை. அதிகம் செய்த மேசைக்கு உணவில் சுவை சேர்க்கப்படும், குறைவாகச் செய்த மேசைக்கு மின்னதிர்ச்சி. ஏதோ ஓர் உலோக உறுப்பைப் பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் சொல்லப்படவில்லை. கடைசி அத்தியாயத்தின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு, விண்வெளியில் இயந்திரங்கள் அந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றன; காட்சி மெல்லப் பின்வாங்கும்போது அது டெத் ஸ்டாரின் பீரங்கிக் குழி என்று தெரிகிறது. 2025-இல் வந்த இரண்டாம் பருவத்தில் கோர்மன் என்னும் கோளின் மண்ணுக்கடியில் உள்ள கனிமம் அதே ஆயுதத்துக்குத் தேவைப்படுகிறது; அதற்காக அந்த மக்களை உலகமே வெறுக்கும்படி எப்படிச் செய்வது என்று மலைமாளிகையில் அதிகாரிகள் உணவு இடைவேளையோடு கூட்டம் போடுகிறார்கள்.

இவற்றோடு 2019-இல் வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தை வைத்துப் பாருங்கள். எக்சகோல் என்னும் மறைவான கோள். தரையைப் பிளந்துகொண்டு கணக்கற்ற ஸ்டார் டெஸ்ட்ராயர்கள் எழுகின்றன. ஒவ்வொன்றிலும் கோளை அழிக்கும் பீரங்கி. இத்தனையையும் யார் கட்டினார்கள், எத்தனை காலம், எதைத் தின்றார்கள்? படம் வாய் திறப்பதில்லை. கப்பல்கள் மழைக்காளான் போல முளைக்கின்றன. முதல் டெத் ஸ்டாரைவிடப் பன்மடங்கு அழிவாற்றல் ஒரே இடத்தில் குவிந்து நின்றும், பார்ப்பவருக்கு அச்சம் பிறக்கவில்லை. அளவைக் கூட்டினால் அச்சம் கூடும் என்று நம்பியவர்களின் படம் அது. ஏழு பேர் நிற்கும் ஒரு மேசை தந்த நடுக்கத்தை அந்தக் கப்பற்கூட்டம் தரவில்லை.

மாணவர்கள் எக்சிகியூட்டரின் நீளத்தை மறந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்குப் போவார்கள்; வாயிலில் அடையாள அட்டை காட்டி, கையொப்பமிட்டு, தமக்குரிய பகுதியை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்பும் வேலைகள் எந்நாட்டிலும் உண்டு. ஒரு கருவியின் முழு உருவத்தை அறியாமல் அதன் உறுப்பைச் செய்வது இழிவும் அன்று. ஆனால் க்வி சூக்ஸ் கோப்பைத் திறந்த அந்தப் பக்கத்தை அவர்கள் படித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்கு அவளுக்கு ஒரு கைதி தேவைப்பட்டான் என்பதையும்.

படிக்க விரும்புவோர் ஆண்டர்சனின் மூன்று நூல்களில் முதலாவதான 'ஜெடை சர்ச்' ஒன்றைப் படித்தால் போதும். இரண்டாவதைத் தாண்டிவிடலாம். மூன்றாவதில் மா நிலையத்தின் நிர்வாகியான டோல் சிவ்ரன் வரும் பகுதிகளை மட்டும் தேடிப் படியுங்கள். அறிக்கைகளும் குழுக்கூட்டங்களும் நடைமுறை விதிகளுமே வாழ்வென்று இருப்பவர். முற்றுகை நேர்ந்தபோது டெத் ஸ்டார் முன்மாதிரியைத் தம் துறைத் தலைவர்களோடு ஓட்டிக்கொண்டு வெளியேறுகிறார். போரின் நடுவே என்ன செய்வது என்று தீர்மானிக்க, அப்போதும் அவர் ஒரு கூட்டத்தைக் கூட்டுகிறார்.